பில்லைப் படிப்பது கஞ்சத்தனம் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து வாசியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் மருமகன் ஒருவர் சென்னையில் சாப்பிட்ட ஓட்டல் பில்லைப் போட்டிருந்தார். சாப்பாடு 2,000 ரூபாய். அதற்குக் கீழே சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம். "இது எதுக்குன்னு கேட்டீங்களா?" என்று எழுதினேன். "சவத்த விடுங்க அத்தை, இருநூறு ரூபாய்க்குப் போயி சண்டை போட முடியுமா, எல்லாரும் பாப்பாங்க" என்று பதில் வந்தது. அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் வேறு காட்டியிருக்கிறீர்கள். அதில் நாலு பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் சதவீதக் கணக்குப் படித்தவர்கள்.

சரி, கணக்கையே போடுவோம். சாப்பாடு 2,000, சர்வீஸ் சார்ஜ் 200, ஆக 2,200. இந்த 2,200-க்குத்தான் ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. போடுகிறார்கள், அது 110. மொத்தம் 2,310. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 2,100 தான். போனது இருநூறு இல்லை, இருநூற்றிப் பத்து. கொடுக்க வேண்டியதே இல்லாத பணத்துக்கு வரியும் கட்டிவிட்டு வந்திருக்கிறார் மருமகன்.

கொடுக்க வேண்டியதில்லை என்று நானாகச் சொல்லவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதியே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பில்லில் தானாக சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, தர மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது. ஓட்டல்காரர் சங்கங்கள் வழக்குப் போட்டு அந்த மாதமே இடைக்காலத் தடை வாங்கின. கடைசியில் 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் நெறிமுறை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லி, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். போகட்டும், அது அவர்கள் உரிமை. கேட்பது நம் உரிமை.

உடனே ஒருவர் சொல்வார்: "பாவம் டீச்சர், சர்வர் பையனுக்குத்தானே போகுது." யார் சொன்னது? அந்தப் பணம் முதலாளி கல்லாவுக்குப் போகிறது. அதற்குப் பிறகு பையனுக்கு எவ்வளவு என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் எல்லாம் முழுக்க ஊழியர்களுக்கே சேர வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. ஊழியர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு? அந்தப் பையன் மேல் இரக்கம் இருந்தால் அவன் கையில் ஐம்பது ரூபாய் வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் "இங்கேயும் வாங்குறாங்களே டீச்சர்" என்பீர்கள். சிங்கப்பூரில் வாங்குகிறார்கள். ஆனால் மெனுவிலேயே விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டுவிடுகிறார்கள். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பத்து சதவீதம் சேர்த்து 110, அதன் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 119 வெள்ளி 90 காசு. உட்காரும் முன்பே தெரியும், வேண்டாமென்றால் பக்கத்து ஹாக்கர் சென்டருக்குப் போய்விடலாம், அங்கே இந்தச் சார்ஜ் கிடையாது. கேட்காமல் மேசையில் வைக்கிற வேர்க்கடலைக்கும் ஈரத்தாளுக்கும் காசு போடுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே "நோ தேங்க்ஸ்" என்று சொல்லத் தெரிந்த வாய், ஊருக்கு லீவுக்கு வந்தால் மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

அடுத்தது தண்ணீர். ஏ.சி. அறையில் உட்கார்ந்ததும் "பாட்டிலா, நார்மலா?" என்று ஒரு கேள்வி. நார்மல் என்று சொன்னால் நம் தகுதி ஒரு படி இறங்கிவிட்டது போல ஒரு பார்வை. பிரான்சில் சாப்பிட வந்தவருக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், அதை எழுதியும் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் மது விற்க உரிமம் உள்ள பார் கூடக் குடிதண்ணீர் கேட்டால் சும்மா தர வேண்டும். வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த ஊர்க்காரர்கள் நாம், தண்ணீர் கேட்கக் கூச்சப்படுகிறோம்!

ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.யை விடக் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அங்கே பாட்டில் மட்டும் விற்கவில்லை, இடமும் சேவையும் சேர்ந்தது என்பது காரணம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். அப்படியானால் சேவைக்கான காசு பாட்டிலிலேயே வந்துவிட்டதே, பில்லின் அடியில் மறுபடி எதற்கு?

ஆனால் ராத்திரி சென்னை பஸ் நிற்கிற மோட்டல்களில் வாசல் கடையில் பிஸ்கட்டுக்கும் தண்ணீருக்கும் அச்சடித்த விலைக்கு மேல் கேட்கிறார்களே, அங்கே எந்தச் சேவையும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் நின்றுகொண்டே வாங்குகிறோம். அது சட்டப்படி தப்பு, தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம். டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் அதிகம் என்ற புகாரும் ஊரறிந்தது. குடிக்கிறவனுக்காகப் பேச எனக்கு ஆசை இல்லை. ஆனால் அந்தப் பத்து ரூபாய் அவன் வீட்டுப் பால் காசு, அதனால் பேசுகிறேன்.

"கேட்டு என்ன ஆகப் போகுது" என்பவர்களுக்கு விழுப்புரம் ஊறுகாயைச் சொல்கிறேன். அங்கே ஒருவர் 80 ரூபாய் வீதம் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார். ஊறுகாய் வைக்கவில்லை. பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் என்று 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார், தரவில்லை. ஆணையத்துக்குப் போனார். 2024 ஜூலையில் 30,000 இழப்பீடு, 5,000 வழக்குச் செலவு, அதோடு அந்த 25 ரூபாய் என்று 35,025 ரூபாய் தரச் சொல்லி உத்தரவு. பேப்பரில் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. நான் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள் என்று மெதுவாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், சர்வரைத் திட்ட வேண்டாம், மேலாளரிடம் பேசுங்கள். மறுத்தால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி சாப்பிட்ட ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. சென்னையில் சாப்பிட்டாலும் கரிவலத்தில் குடியிருப்பவர் நம் பகுதிக்கான ஆணையத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

மருமகனே, அந்தப் பில்லைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன். சாப்பாடும் இங்கேதான், ஊறுகாய் உண்டு.