பேஸ்மென்ற்றும் எம்மவரும்

கனடாவில் வீடு வாங்கப் போகும் எம்மவர் கேட்பவற்றை நாம் அறிவோம். வாசல் எந்தத் திசை? கோயில் எவ்வளவு தூரம்? பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டால் மோட்கேஜுக்கு எவ்வளவு தேறும்? அந்த பேஸ்மென்ற்றில் றேடன் எவ்வளவு என்று கேட்ட ஒருவரை நாம் இன்னும் காணவில்லை.

மண்ணிலுள்ள யுரேனியம் சிதைவதால் வரும் வாயு அது. நிறமில்லை, மணமில்லை. அத்திவார வெடிப்புகளினூடே ஏறி, பனிக்காலத்தில் யன்னல் பூட்டிய வீட்டினுள் தங்கிவிடும். சுவாசப்பைப் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணம் இதுவே. கனமீற்றருக்கு 800 பெக்கரல் என்றிருந்த எல்லையைக் கனடிய அரசு 2007இல் 200 ஆகக் குறைத்தது. பக்கத்து வீட்டில் குறைவென்பதால் உங்கள் வீட்டிலும் குறைவென்றில்லை.

ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் இறங்கியவர்கள் நாம். ஆபத்து மேலிருந்து வரும், நிலத்துக்குள் பாதுகாப்பு என்று எங்கள் உடம்பு படித்துவிட்டது. சத்தமில்லாமல் 20 வருடம் கழித்துக் கொல்வதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. இதை விளங்கிக்கொள்ளலாம். விளங்கிக்கொள்ள முடியாதது வேறு: மேல்மாடியில் படுப்பவர் வீட்டுக்காரர், கீழே படுப்பவர் நேற்று வந்த அகதி, அல்லது ஊரிலிருந்து கூப்பிட்ட அம்மா.

சோதனைக் கருவி கையளவுதான். மூன்று மாதம் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். கூடுதலென்றால் நிலத்தில் துளையிட்டுக் குழாயும் விசிறியும் பூட்டலாம். குடிபூரலுக்கு வீடியோக்காரரிடம் கொடுக்கும் காசு சோதனைக்குத் தாராளம். வரும் பனிக்காலத்துக்கு முதல் வீட்டுக்காரர் கருவியை வைக்கட்டும். வைக்காவிட்டால், கீழே இருப்பவர் வாடகை கொடுக்கும்போதே கேட்கட்டும்.