பேர் போன பஸ்!

விருதுநகர் பஸ் நிலையத்தில் நாலு பெரியவர்கள் கூடினால் போதும், பழைய பஸ் பேச்சு வந்து விடும்.

"டி.வி.எஸ். பஸ் வர்றதைப் பார்த்து கடிகாரத்தில் மணியைச் சரி பண்ணிக்குவோம்!" என்பார் ஒருவர்.

"பாண்டியன் பஸ்னா பேரே கம்பீரமா இருக்கும். இப்ப எல்லா பஸ்சுக்கும் ஒரே பேரு!" என்று அலுத்துக் கொள்வார் இன்னொருவர்.

சரி, அந்தப் பேர் எப்படிப் போச்சு?

1972-ல் மதுரை வட்டாரத்தில் ஓடிய டி.வி.எஸ். பஸ்களை அரசு எடுத்துக் கொண்டது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

1997-ல் விருதுநகரில் புதிய கழகம் வந்தது. கட்டபொம்மனின் தளபதியாக நின்று, வெள்ளையனை எதிர்த்து 1799-ல் உயிர் விட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

வந்தது வம்பு! அவர் பிறந்த சாதியைக் காட்டி, "அந்தப் பேர் போட்ட பஸ்சில் ஏற மாட்டோம்" என்றார்கள் சிலர். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. உயிர்கள் பலியாயின.

அதே ஆண்டு அரசு எல்லாப் பேரையும் எடுத்து விட்டது. பாண்டியன், சேரன், பல்லவன், திருவள்ளுவர் எல்லாம் போச்சு! மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரும் போச்சு. காமராஜர் பிறந்த மண்ணிலேயே காமராஜர் மாவட்டம் இல்லாமல் போனது.

சிவகாசிக்குப் போகிற பஸ்சில் தீபாவளி நேரத்தில் ஏறிப் பாருங்கள். நிற்க இடம் கிடைத்தால் போதும் என்றுதான் ஏறுகிறோம். பக்கத்தில் நிற்பவர் யாரென்று யார் கேட்கிறார்?

"பழைய பேர் போச்சே" என்று வருந்துங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு பேரைப் பொறுக்காமல்தான் இத்தனை பேரையும் தொலைத்தோம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்!