விலைக்கு முன்னே முறை

சங்கத்துக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் நிர்வாகக் குழுவில் முதலில் எழும் கேள்வி, "என்ன விலை?" என்பதாகவே இருக்கிறது. அதற்கும் முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எம்முறையில் வாங்குவது?" என்பதே அது. பகிரங்க டெண்டரா, தெரிந்த சிலரிடம் மட்டும் விலைப்புள்ளி பெறுவதா, ஒருவரிடமே பேசி வாங்குவதா என்பதைப் பல சங்கங்களில் குழு தீர்மானிப்பதில்லை. காரியதரிசியின் பழக்கமோ, சென்ற வருஷத்துக் கோப்போ தீர்மானித்து விடுகிறது. இதனால் விளையும் நஷ்டத்தைப் பற்றி எழுத நமக்கு ஒரு தகுதி உண்டு. அப்படியொரு நஷ்டத்தில் நமது கையெழுத்தும் இருக்கிறது.

நாம் இவ்வுத்தியோகத்தில் சேர்ந்து இரண்டாண்டுகூட நிரம்பாத காலம் அது. கல்லூரியில் பட்டம் பெற்று வந்த சூடும் ஆறவில்லை. நமது சரகத்திலிருந்த நெசவாளர் சங்கம் ஒன்று, செந்நிறக் கரையிட்ட பருத்திச் சேலைகளுக்குப் பெயர் பெற்றது. கரைக்கு வேண்டிய சாய நூலை அச்சங்கத்தார் பல வருஷங்களாக ஒரே சாயக்காரரிடம், டெண்டர் என்ற பேச்சே இல்லாமல் வாங்கி வந்தனர். இது முறையன்று என்று நாம் குறிப்பு எழுதினோம். அதில் பிழையில்லை. ஆனால் அடுத்த வரியில், இனிச் சாய நூல் முழுவதையும் பகிரங்க டெண்டர் மூலம், குறைந்த விலை கொடுப்பவரிடமே பெறவேண்டும் என்றும் எழுதினோம். குழுவிலிருந்த முதியவர் ஒருவர், "விலை கேக்கலாம் சார். சாயம் நிக்குமான்னு யாரைக் கேக்கிறது?" என்றார். அவர் பழைய சாயக்காரருக்குப் பரிந்து பேசுகிறார் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

டெண்டர் விளம்பரத்தில் நூலின் எண் இருந்தது, நிறத்தின் பெயர் இருந்தது, கட்டுகளின் எண்ணிக்கை இருந்தது. சாயத்தின் உறுதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குறைந்த விலைக்காரருக்கே ஒப்பந்தம் கிடைத்தது. முதல் சலவையிலேயே கரையின் சிவப்பு உடலெங்கும் பரவியது. வாங்கிய கடைக்காரர்கள் சேலைகளைத் திருப்பியனுப்பினர். சங்கத்தின் பணம் அச்சேலைகளில் முடங்கிப் போகவே, இரண்டு மாதங்கள் வரை பாதிப் பேருக்குப் பாவு கொடுக்க இயலவில்லை. அந்நாட்களில் நெசவாள அம்மையார் ஒருவர் தாம் நெய்த சேலையைக் கொணர்ந்து நமது மேஜைமேல் விரித்து, "இது நீங்க கையெழுத்துப் போட்ட சிவப்பு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வருஷத்துத் தணிக்கை அறிக்கையில் இக்கொள்முதலைப் பற்றி ஓர் ஆட்சேபணையும் இல்லை. விளம்பரம், உறைகள், ஒப்புநோக்குப் பட்டியல், தீர்மானம் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

குற்றம் டெண்டர் முறையின் மீதன்று. ஒரு பொருளை எழுத்திலே முழுவதும் விவரித்துவிட முடியுமானால், அதை விற்போரும் பலர் இருந்தால், பகிரங்கப் போட்டியைவிட நல்ல முறை வேறில்லை. சாயமேற்றாத வெள்ளை நூல் அத்தகைய பொருள். 40 எண் நூல் என்றால் ஒரு பவுண்டு நிறையில் 40 சிட்டம், சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம் என்பது உலகெங்கும் ஒத்துக்கொண்ட கணக்கு. ஆகவே விலையை விலையோடு ஒப்பிடலாம். அங்கும் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. 40 எண் என்று சீட்டு ஒட்டி 38 எண் நூல் வந்தால், பவுண்டுக்கு 33,600 கெஜத்துக்குப் பதில் 31,920 கெஜமே இருக்கும். நிறை சரியாகவே நிற்கும். நீளத்தில் நூற்றுக்கு ஐந்து குறையும். விலையிலே நூற்றுக்கு மூன்று குறைத்துக் கொடுத்தவர், உண்மையில் நம்மிடம் அதிகம் வாங்கிக்கொண்டவர் ஆகிறார். பாவு ஓடும்போது நீளம் பற்றாமற் போய்த்தான் நெசவாளிக்கு இது தெரியவருகிறது. எண் பரிசோதனைக்கு உட்பட்டே நூல் ஏற்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இத்தொல்லை தீரும்.

சாய நூல் அப்படிப்பட்டதன்று. அதன் குணத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது, சீட்டைப் படித்தும் சொல்ல முடியாது. நனைத்துத்தான் சொல்ல முடியும். இத்தகைய பொருளுக்கென்றே இரட்டை உறை முறை ஏற்பட்டிருக்கிறது. முதல் உறையில் பொருளின் விவரம், கூடவே மாதிரிச் சிட்டம். இரண்டாம் உறையில் விலை. மாதிரியைச் சோதித்து, தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பது. தேறாதவர் எவ்வளவு மலிவாகக் கேட்டிருந்தாலும் அவருடைய உறை பிரிக்கப்படாமலே திரும்பும். சோதனையும் பெரிய காரியமன்று. சாயச் சிட்டத்தோடு வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்து, சோப்பு நீரில் அலசி உலர்த்தினால், துண்டிலே எவ்வளவு சாயம் ஒட்டியது என்பது குழந்தைக்கும் தெரியும். எழுத்து மூலமான சான்று வேண்டுமாயின் கோயமுத்தூர், கரூர் முதலிய ஊர்களில் ஜவுளிக் கமிட்டியின் சோதனைக்கூடங்கள் உள்ளன. அங்கே சாயம் ஒட்டும் தன்மையை 1 முதல் 5 வரை அளவிட்டுத் தருவார்கள். 5 என்றால் சிறிதும் ஒட்டவில்லை, 1 என்றால் மிக மோசம். இந்த அளவைக் குறைந்தது இத்தனை என்று டெண்டரிலேயே குறித்துவிடலாம். இவ்வளவும் நமது கையிலிருந்த விதிப்புத்தகத்திலேயே இடம் பெற்றவை. முறை இல்லாமற் போகவில்லை. நாம்தான் தவறான முறையைத் தேர்ந்தோம்.

முறையைத் தேர்வதில் பொருளின் மதிப்புக்கும் பங்குண்டு. பத்துத் துடைப்பம் வாங்கப் பத்திரிகை விளம்பரம் செய்தால் விளம்பரச் செலவு துடைப்பத்தை விழுங்கிவிடும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் திருத்தி வெளியிடப்பட்டபொழுது, ரூ. 25,000 வரை விலைப்புள்ளி இன்றியே வாங்கலாம். அதற்கு மேல் ரூ. 2,50,000 வரை மூவர் குழு கடைத்தெருவை நேரில் விசாரித்து வாங்கலாம், ரூ. 25 லட்சம் வரை மூவருக்கு மேற்பட்ட விற்பனையாளர்களுக்குக் கடிதம் எழுதி விலை பெறலாம். அதற்கு மேற்பட்டால் விளம்பரம் செய்தே தீரவேண்டும் என்று படிகள் வகுக்கப்பட்டன. இத்தொகைகள் அவ்வப்போது மாறுவன. நம் சங்கங்களுக்குரிய வரம்புகளும் வேறு. துணைவிதிகளையும் துறையின் சுற்றறிக்கைகளையும் பார்த்து அவற்றை அறியவேண்டும். படிக்கட்டு அமைப்பைக் காட்டவே இதை எடுத்துக் கூறினோம்.

படிக்கட்டு இருந்தால் அதன் கீழே புகுந்து செல்வோரும் இருப்பர். விவசாயிகள் சங்கம் ஒன்றில் அறுவடைக்கு 6,000 கோணிகள் வேண்டியிருந்தன. ஒரே கொள்முதலாக வாங்கினால் டெண்டர் விடவேண்டும். எனவே பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 கோணி வீதம் மூன்று தடவை, மூன்று கடைகளின் விலைப்புள்ளியோடு வாங்கினார்கள். மூன்று கடைத் தாள்களிலும் "கோணி" என்பது "கோனி" என்றே எழுதப்பட்டிருந்தது. கடைகள் மூன்றானாலும் கை ஒன்றே என்பதைக் கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டர் வேண்டியதில்லை, தமிழ் வாத்தியார் போதும். டெண்டருக்குத் தப்புவதற்காகத் தேவையைத் துண்டு துண்டாக்கக் கூடாது என்று மேற்சொன்ன மத்திய விதிகளிலேயே வெளிப்படையாகக் கூறப்பட்டிருக்கிறது.

இன்னொரு குறுக்கு வழி "அவசரம்." தீபாவளிக்கு நூல் அவசரமாகத் தேவைப்பட்டதால் டெண்டர் விட அவகாசமில்லை என்ற தீர்மானத்தை எத்தனையோ சங்கப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். தீபாவளி எந்த நாளில் வருகிறது என்பது பஞ்சாங்கத்தில் ஒரு வருஷம் முன்பே அச்சாகி விடுகிறது! 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளி விதிகளின்படி, இரண்டு கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குப் பதினைந்து நாள், அதற்கு மேற்பட்டதற்கு முப்பது நாள் அவகாசம் கொடுத்தால் போதும். அந்த நாட்கள் நம்மிடம் இல்லாமற் போவது பெரும்பாலும் நமது அசட்டையாலேயே.

மெய்யான அவசரம் வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பகுதிகளில் வீசியடித்தது. அத்தகைய புயலுக்கு மறுநாள் காலையில், கூரை பறந்துபோன கிடங்கில் நெல் நனைந்துகொண்டிருக்க, தார்ப்பாய்க்கு டெண்டர் விட்டுக் காத்திருப்பவர் விதியைக் காத்தவர் ஆகார். கையில் அகப்பட்ட கடையில் வாங்கிப் போர்த்தவேண்டியதே. ஆனால் தார்ப்பாய்க்கு உரிய அவசரம் புதிய கூரைக்கு உரியதன்று. தார்ப்பாய் போர்த்தியாயிற்றென்றால் நெல் பிழைத்தது. கூரையைப் போட்டியில் விட்டு நிதானமாகப் போடலாம். ஒரே அவசரத் தீர்மானத்தில் இரண்டையும் முடித்துவிடுகிற சாமர்த்தியத்தைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

ஒருவரிடமே வாங்குவது எப்பொழுதும் தவறு என்பாரும் உளர். அதுவும் சரியன்று. சங்கத்தின் அரவை இயந்திரத்துக்கு அதைச் செய்த கம்பெனியின் உதிரி பாகந்தான் பொருந்துமாயின், மூன்று விலைப்புள்ளி தேடுவது நாடகம். ஒருவரிடமே வாங்குகிறோம், காரணம் இது என்று எழுதிவைத்தால் அதுவே நேர்மை.

இங்கே இடையில் ஒரு விஷயம். நாம் வாங்குவோர் மட்டுமல்லர், விற்போருமாவோம். ஏழைகளுக்கு வேட்டி சேலை வழங்கும் திட்டம் 1983-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டபொழுது, நெசவாளர்களுக்கு வேலை கொடுப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. ஆகவே துணி உற்பத்தி கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகச் செய்யப்பட்டது. மலிவு ஒன்றையே கருதியிருந்தால் அந்த வேலை நம் தறிகளுக்கு வந்திராது. நமக்குச் சாதகமாக வரும்போது இத்தத்துவத்தை ஒப்புக்கொள்ளும் நாம், சங்கத்துக்கு வாங்கும்போது மட்டும் குறைந்த விலையே வேதம் என்பது எப்படிப் பொருந்தும்?

அரசின் மின்னணுச் சந்தை 2016-இல் தொடங்கப்பட்டு, 2022-இல் கூட்டுறவுச் சங்கங்களும் அதன் வழி வாங்க மத்திய அமைச்சரவை இசைவளித்தது. மேஜை, மின்விசிறி, கணிப்பொறி போன்றவற்றுக்கு அது நல்ல வசதி. ஆயினும் அங்கேயும் எதை எழுதிக் கேட்கிறோமோ அதுதான் வரும். சாயம் நிற்குமா என்று கணிப்பொறி தானாகக் கேட்காது.

நமது யோசனை சிறியது. விலை கேட்பதற்கு முன் கூடும் கூட்டத்திலேயே, இன்ன பொருள், இன்ன முறையில் வாங்கப்படும், அம்முறையைத் தேர்ந்ததற்குக் காரணம் இன்னது என்று நான்கு வரித் தீர்மானம் நிறைவேற்றப்படவேண்டும். உறை பிரித்த பிறகு எழுதும் காரணத்தை யாரும் நம்பார், நம்பவேண்டியதுமில்லை. இத்தீர்மானம் மகாசபையில் படிக்கப்படுமானால், அங்கத்தினர் ஒருவராவது எழுந்து, "இதற்கு ஏன் இந்த முறை?" என்று கேட்பார். தணிக்கையாளரும் தாள்கள் அடுக்கில் இருக்கின்றனவா என்பதோடு நில்லாமல், தேர்ந்த முறை பொருளுக்குப் பொருந்தியதா என்று பார்க்கவேண்டும். இதைச் சொன்னால் நமது இலாகா நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும்.

மேலே கூறிய நெசவாளர் சங்கத்தில் இப்பொழுது இரட்டை உறை முறையே நடைபெறுகிறது. உறை பிரிக்கும் நாளில் குழுவினர் முன்னிலையில் ஒரு பித்தளை அண்டாவில் மாதிரிச் சிட்டங்களை அலசுகிறார்கள். கடைசியாக நடந்த கொள்முதலில் ஐவர் மாதிரி அனுப்பினர். இருவருடைய வெள்ளைத் துண்டு சிவந்துவிட்டது. எஞ்சிய மூவரில் குறைந்த விலைக்காரருக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. தோற்ற இருவரில் ஒருவர், தாம் அவரைவிட மலிவாகக் கேட்டிருந்ததாக மேலிடத்துக்கு மனு எழுதினார். அதன்மேல் நம்மிடம் விளக்கம் கேட்கப்பட்டது. இரண்டு பக்கத்தில் பதில் எழுதி, சிவந்த துண்டுகள் இரண்டையும் அதனுடன் தைத்து அனுப்பியிருக்கிறோம். உத்தரவு இன்னும் வரவில்லை.