பூனையும் ஜெயிலும்

போன வாரம் மாடிப்படியில் கீழ்வீட்டு நண்பர் என்னை நிறுத்தினார். "என்ன சார், வாயில்லா ஜீவனை இப்படி ஜெயில்ல போட்டு வச்சிருக்கீங்க! பாவமில்லையா?" பால்கனியில் நான் அடித்திருக்கும் வலையைத்தான் சொன்னார். முழங்கால் வலியோடு படியில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். மாம்பலத்தில் தனிவீட்டில் இருந்தபோது கறுப்பி என்றொரு பூனை வளர்த்தோம். வளர்த்தோம் என்பதுகூட அதிகம். காலையில் கொஞ்சம் பால், ராத்திரி கொஞ்சம் தயிர்சாதம், மற்ற நேரமெல்லாம் ஊர் சுற்றல். "அது சுதந்திரப் பிறவி" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பேன். ஒருநாள் விடியற்காலையில் வாயில் நுரையோடு தள்ளாடி வந்து வாசற்படியில் விழுந்தது. எங்கோ எலி மருந்து வயிற்றுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். பிழைக்கவில்லை. அழுத மனைவியிடம் "பூனைதானே" என்றேன். அந்தத் "தானே" எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

பூனையை வெளியே விடச் சொல்கிறவர்கள் மனதில் இருப்பது தாத்தா காலத்து ஊர். அங்கே நெற்குதிர் இருந்தது, வைக்கோல்போர் இருந்தது, தெருவில் மாட்டுவண்டி போயிற்று. இப்போது நம் தெருவில் தண்ணீர் லாரி போகிறது. பேரனைத் தெருமுனைக் கடைக்குத் தனியாக அனுப்பாத நாம், நாலு கிலோ பிராணிக்கு மட்டும் சுதந்திரம் பேசுகிறோம். இது கருணை இல்லை ஐயா, சோம்பல். அடுத்த வீட்டுப் பூந்தொட்டியில் அது போய்விட்டு வந்தால் மண் தட்டைச் சுத்தம் செய்யும் வேலை நமக்கு மிச்சம். அவ்வளவுதான்.

"எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்குமே" என்பது அடுத்த வாதம். நியூயார்க்கில் உயரக் கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் பெரும்பாலானவை பிழைத்தது உண்மை. ஆனால் நெஞ்சில் அடி, தாடையில் அடி, கால் முறிவு என்று அவை பட்ட பாடு கொஞ்சமல்ல. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. கொசுவலை நகத்துக்குத் தாங்காது என்றுதான் கெட்டியான வலையாகப் பார்த்து அடித்தேன்.

நண்பர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. சும்மா அடைத்து வைத்தால் அது ஜெயில்தான். அடைப்பவனுக்குக் கடமை இருக்கிறது. எங்கள் பாண்டுவுக்கு என் பழைய புத்தக அலமாரியின் உச்சி சொந்தம். பூனைக்கு உயரம் வேண்டும். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், அங்கிருந்து அணில் பார்ப்பான். காலையும் மாலையும் பத்து நிமிஷம், குச்சி நுனியில் நூலால் இறகைக் கட்டி நான் இழுக்க அவன் வேட்டையாடுவான். முடிந்ததும் சாப்பாடு. நூலை உடனே எடுத்துப் பூட்டிவிடுவேன், விழுங்கினால் குடலுக்கு ஆபத்து. மண் தட்டு இரண்டு, தினமும் சுத்தம். ஐந்தாறு மாதத்தில் குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்று, அதிலேயே வெளியே ஓடும் ஆசை பாதி அடங்கியது. வெறிநோய்த் தடுப்பூசியும் தவறுவதில்லை.

எங்கள் வீடு சைவம். "அதையும் சைவமாக்கிவிடுங்களேன்" என்றார் ஒரு உறவினர். டாரின் என்ற சத்து பூனையின் உடம்பில் போதிய அளவு ஊறாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் வர வேண்டும். குறைந்தால் கண் போகும், இதயம் கெடும். என் விரதம் என்னோடு. கறுப்பிக்குப் போட்ட தயிர்சாதமும் தவறுதான் என்று இப்போது தெரிகிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்று. உடம்பு சுடுகிறதே என்று நம் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாதி மாத்திரைகூட உயிரை வாங்கும். நாய் உண்ணிக்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே.

கீழ்வீட்டு நண்பரே, அடுத்த முறை படியில் நிறுத்தாமல் மேலே வாருங்கள். காபி குடித்துக்கொண்டே ஜெயிலைச் சுற்றிப் பார்க்கலாம். கைதி அநேகமாக அலமாரி உச்சியில் தூங்கிக்கொண்டிருப்பான். சத்தம் மட்டும் போடாதீர்கள்.