பொடியன் முதலில் படிப்பது சேரைத்தான்

கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை இந்தக் கரையில் எஞ்சின் படகுதான் பிழைப்பு. எஞ்சின் பழுது பார்க்கத் தெரிந்த பொடியன் இங்கே வேலையில்லாமல் நிற்கவே கூடாது. ஆனாலும் சான்றிதழோடு வருகிறவனிடம் எஞ்சினைக் கழற்றக் கொடுக்கச் சம்மாட்டிமார் தயங்குகிறார்கள். 'இந்தக் காலத்துப் பொடியன்களுக்குக் கவனமில்லை' என்கிறார்கள். நான் பழியை அவன் தலையில் போடமாட்டேன். பயிற்சி நிலையத்தில் காலடி வைத்த அன்றே அவன் படிக்கத் தொடங்குவது சேரைத்தான்.

எனக்குத் தெரிந்த போதனாசிரியர் ஒருவர், உப்புத் தண்ணீரில் ஓடி வந்த எஞ்சினை நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கிச் சற்று நேரம் ஓடவிடாமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டார். உப்பு உள்ளே காய்ந்தால் தண்ணீர் போகும் வழி அடைபடும். எஞ்சின் சூடேறி இறுகிவிடும். மண்ணெண்ணெயில் ஓடுவதை நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட்டுவார், மறுநாள் இழுத்தவுடன் பிடிக்கட்டும் என்று. பிறகு ஸ்பேனர்களைத் துடைத்து எண்ணி வைப்பார். ஒருநாள் சொல்லிக்கொடுத்தாலே பாடம் முடிந்துவிடும். அவர் தினமும் செய்தார். அவரிடம் படித்தவனை வாடியில் பார்த்தாலே தெரியும். வேலை முடிந்ததும் கை தானாகத் துணியைத் தேடும்.

தொழிற்பயிற்சி அதிகார சபை 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. தேசிய தொழில் தகைமைக்கு 7 மட்டங்கள் உண்டு. திறமையை அளக்கக் கோல் இருக்கிறது. கற்றுக்கொடுப்பவரின் மனசு எப்படியிருக்கிறது என்று யார் கேட்கிறார்கள்? ஊழியர் ஒரு நிறுவனத்தில் தங்குவதற்கு மேயர், அலன் என்ற ஆய்வாளர்கள் 1991இல் மூன்று காரணங்கள் சொன்னார்கள்: பற்று, போனால் நட்டம் என்ற கணக்கு, கடமையுணர்வு. கணக்குக்காக மட்டும் தங்குபவர் கையெழுத்து வைப்பார், பாடமும் நடத்துவார். பீப்பாயில் தண்ணீர் நிரப்பமாட்டார்.

அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. நிரந்தர நியமனம் எப்போது என்று தெரியாமல் ஒருவர் எத்தனை நாள் உற்சாகமாக இருப்பார்? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது. கடலுக்குப் போகிறவனே எண்ணிப் பார்த்து ஊற்றிய காலம் அது. எண்ணெயும் உதிரிப்பாகமும் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத மனிதர் ஒருநாள் கேட்பதையே விட்டுவிடுவார். சோம்பேறி என்று நாம் பெயர் வைப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

செய்முறைப் பாடத்துக்கான எண்ணெய்ச் செலவை முதலில் உறுதிப்படுத்துங்கள். கரையிலேயே தொழில் பழகிய பழைய மெக்கானிக்மாரை மாதத்தில் ஒருநாளாவது வகுப்புக்குக் கூப்பிடுங்கள். மதிப்போடு கூப்பிட்டால் வருவார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஆண்டறிக்கை எழுதும்போது, படித்து வெளியேறியவர்களிடம் எத்தனை சம்மாட்டிமார் எஞ்சினைக் கொடுக்கிறார்கள் என்பதையும் வாடி வாடியாகப் போய்க் கேட்டு எழுதுங்கள்.