விளையாட்டுப் பிள்ளைகளும் இலக்கியப் பெரியவர்களும்

சென்ற மாதம் காஞ்சிபுரத்தில் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். நாற்பதைத் தாண்டிய நான் இன்னும் பழைய வீடியோ கேம்களை ஆடுகிறவன் என்பது எப்படியோ வெளியே வந்துவிட்டது. விமர்சக நண்பர் ஒருவர், 'படிக்கிற நேரத்தில் பொம்மை வைத்து விளையாடுகிறீர்களா? ஜப்பான்காரன் பிள்ளைகளுக்கு விற்ற சரக்கு ஐயா அது' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்படிச் சிரித்ததற்கு வெட்கப்பட்டு இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது கண்ணில் பட்டதைச் சுட்டுத் தள்ளும் ஆட்டங்களை அல்ல. பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களை. 1974இல் அமெரிக்காவில் காகிதம், பென்சில், பகடையோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவற்றுக்குத் தாய். 1981இல் 'விசார்ட்ரி', 'அல்டிமா' என்று கம்ப்யூட்டரில் நிலைபெற்று, ஜப்பானில் 1986இல் யூஜி ஹோரியின் 'டிராகன் குவெஸ்ட்' ஆகவும், மறு வருஷம் 'ஃபைனல் ஃபேன்டஸி' ஆகவும் உருக்கொண்ட வகை இது.

நண்பர் கூத்து ரசிகர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கத்தார் ஆடியதை விடிய விடியப் பார்த்துவிட்டு வந்து நம்மிடம் மணிக்கணக்கில் பேசியவர். திரைக்குப் பின்னால் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி நிற்கிறவனைக் கட்டியக்காரன், நீ யார், எந்த நாடு என்று கேட்கிறான். அவன் பதில் சொல்லும்போதே துரியோதனன் ஆகிவிடுகிறான். பகலில் கூலி வேலை செய்த உடம்பு இரவில் ராஜாவாகும் ரசவாதம் என்று நண்பர் வியக்கிறார். சரி. ஆனால் இதே கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்று மூக்கைச் சுளித்தவர்கள் நம் தாத்தாக்கள் தலைமுறைப் படிப்பாளிகள் என்பதை அவர் மறந்துவிட்டார். அவர்களுடைய மூக்கு இப்போது இவர் முகத்தில் இருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில் நான் கோர்வைத் தறியில் கரைப்பக்கத்து நாடாவை வீசும் பையன். அப்பா உடலை நெய்வார். கரையை நான் வீச வேண்டும். அவர் கால் மிதிக்கும்போது என் கை போக வேண்டும். சேலை யாருக்கு, என்ன நிறம், எத்தனை நாள் என்பதெல்லாம் எங்கள் இருவர் கையிலும் இல்லை. பதினேழு வயதில், மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாடகை வாங்கிய ஒரு ப்ரௌசிங் சென்டரில் 'ஃபைனல் ஃபேன்டஸி'யைப் பார்த்தேன். அதன் முதல் வேலையே, நீ யாராக இருக்கப்போகிறாய் என்று கேட்பது. ஆறு தொழில்களிலிருந்து நாலு பேரைப் பொறுக்கிப் பெயரிட வேண்டும். பெயருக்கு நாலே எழுத்து. காயத்தை ஆற்றும் வெள்ளை மந்திரக்காரிக்கு அம்மாவின் பெயரை வெட்டிச் சுருக்கி வைத்தேன். அதுவரை என்னை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. அந்த நால்வரும் ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்கள் பேச்சை நான்தான் உண்டாக்கினேன். லிப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேசிய இங்கிலீஷைப் படித்தேன். கதை எழுதுவது என்ற காரியத்தை நான் கற்றுக்கொண்ட இடம் அது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இனி டெக்னிக். அந்தக் காலத்து உருவம் ஒன்று 16க்கு 16 கட்டம், நிறம் மூன்று. ஜக்கார்டுக்கு டிசைன் போடுகிறவரும் கட்டம் போட்ட தாளில்தான் அன்னத்தையும் மயிலையும் ஒவ்வொரு கட்டமாக நிரப்புகிறார். கட்டத்துக்குள் வளைவு கிடையாது, பார்க்கிறவன் கண்தான் வளைத்துக்கொள்கிறது. 'டிராகன் குவெஸ்ட்' முழுவதும் 64 கிலோபைட். இடம் போதாமல் கதகானா எழுத்துகளில் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் அடங்குகிற பெயர்களையே பூதங்களுக்கு வைத்தார்கள். தளை தட்டாமல் வெண்பா எழுதினவன் பரம்பரை என்று மார் தட்டுகிற நாம் இதைப் பொம்மை என்கிறோம். அந்த ஆட்டத்தின் கடைசியில், கொல்லப்பட வேண்டிய பகைவன், 'என்னோடு சேர்ந்துகொள், பாதி உலகம் தருகிறேன்' என்கிறான். ஆம் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. கர்ணனிடம் கண்ணன் ராஜ்யத்தை நீட்டுகிற இடம் ஞாபகம் வரவில்லையா? கர்ணனின் பதில் நமக்கு முன்பே தெரியும். இங்கே பதில் சொல்ல வேண்டியவன் நான்; விரல் பொத்தானின் மேல் இருக்கிறது.

எல்லாம் உன்னதம் என்று நான் ஜம்பம் பேசவில்லை. பெரும்பாலானவை குப்பை. ராஜா என்றால் பணி, பூதம் என்றால் கொல், ராஜகுமாரி என்றால் மீட்டு வா என்பதற்கு மேல் யோசிக்காதவை. பலம் ஏற வேண்டும் என்பதற்காக ஒரே பிராணியை நூறு தடவை கொல்லவைக்கும் அலுப்பும் உண்டு. அலுப்பைப் பற்றி நெசவாளி மகனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இந்தக் குறைகளை நண்பர் சொல்லியிருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன். அவர் ஆடிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார். ஒரு வரிகூடப் படிக்காமல் புதுக்கவிதையைக் கேலி செய்த பண்டிதர்களை நாம் என்ன பெயர் சொல்லி அழைத்தோம்?

என் கட்சிக்காரர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. பால்யத்தின் இனிய நினைவு என்று உருகுகிறார்கள். என் பால்யத்தில் இனிப்பு அதிகம் கிடையாது. அதற்காக நான் அங்கே திரும்பிப் போகவில்லை. பழையவற்றைப் புதுப் படம், புதுக் குரல் போட்டு மறுபடியும் விற்கிறார்கள். 2024இல் 'டிராகன் குவெஸ்ட் III' அப்படி வந்தது. நான் கற்பனை செய்ய விட்டிருந்த இடத்தையெல்லாம் நிரப்பிவிட்டார்கள். சேலை உடல் முழுக்க ஜரிகை கேட்கிறவர்களைப் பற்றி அப்பா சொல்வார்: 'வெறும் இடம் இருந்தால்தானேடா புட்டா தெரியும்.'

கடைசியாக ஒன்று. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்துச் சொன்னது. கிடைப்பவை பலவும் யாரோ பிரதியெடுத்துக் காத்தவை; சட்டம் அதைத் திருட்டு என்கிறது. 1959 முதல் 1970 வரை வந்த 'எழுத்து' இதழ்களை டிரங்குப் பெட்டியில் வைத்துக் காத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்கிறோம். இவர்களுக்குச் சிரிப்பு. டொராண்டோவிலிருந்து 2023இல் வந்த 'வெண்பா' என்ற கேம், தமிழ்த் தாய் ஒருத்தியின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டைக் கொண்டு புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னது. உலக அரங்கில் பரிசுகள் வாங்கியது. நம் வட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட நான் படிக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு லேப்டாப்போடு வருகிறேன். நண்பர் தம் பெயரை நாலு எழுத்தில் அடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காரட்டும். அதற்குப் பிறகும் சிரித்தாரென்றால், அந்தச் சிரிப்பை நான் விமர்சனமாக ஏற்றுக்கொள்கிறேன்.