பட்டையை எவ்வளவு சீவலாம்?

மென்பொருள் எழுதுபவர்கள் 'தொழில்நுட்பக் கடன்' என்கிறார்களே, அந்த உவமையை 1992-இல் சொன்னவர் வார்ட் கன்னிங்ஹம் என்ற அமெரிக்கர். முதல் தடவை எழுதி வெளியிடும் நிரல், கடன் வாங்குவது மாதிரி. கொஞ்சம் கடன் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். சீக்கிரமே திருத்தி எழுதி அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன்மேல் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் வட்டி.

நீலாயில் புரோகிராமராக இருக்கும் என் தம்பி இதை விளக்கியபோது, பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியம்மா சட்டென்று சொன்னார்: "மரத்தைச் சாய்க்கிறதுக்கு முன்னாடி வெட்டுற வெட்டுதானேப்பா?"

அதேதான். இளமரத்தில் பட்டையை மெல்லிசாகத்தான் சீவ வேண்டும். உளி ஆழமாக இறங்கி மரத்தில் பட்டால் காயம் முடிச்சுப்போடும். சீவிய பட்டை மறுபடி வளரவே பல வருடம் ஆகும். ஆனால் மரத்துக்கு வயதாகி, மறுநடவு முடிவாகிவிட்டால் கணக்கு வேறு. கடைசி ஓரிரு வருடம் ஏணி வைத்து மேலேயும் வெட்டுவார்கள். ஒரே மரத்தில் இரண்டு வெட்டுகூடப் போடுவார்கள். நாளைக்கு இல்லாத மரத்தின் பட்டையைச் சேமித்து என்ன பயன்?

இரண்டும் ஒரே உளிதான். சாய்க்கும் நாள் தெரிந்து வெட்டுவது ஒன்று, அவசரத்தில் இளமரத்தைக் கெடுப்பது இன்னொன்று. பத்து பேர் பயன்படுத்திப் பார்க்கும் முதல் செயலியை அவசரமாக எழுதலாம், தப்பில்லை. அதையே வாடிக்கையாளர்களின் பணம் போய்வரும் கணக்காக வளர்த்தால்தான் வில்லங்கம்.

ஒய்2கே பயம் நினைவிருக்கிறதா? அந்தக் காலத்துக் கணினியில் இடம் குறைவு. அதனால் வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதினார்கள். அன்றைக்கு அது நியாயமான கடன்தான். அந்த நிரல்கள் 2000 வரை ஓடும் என்று பலர் நினைக்கவில்லை. கடைசியில் உலகமே செலவழித்துத் திருத்தியது. அந்த வேலைக்கு இந்தியாவிலிருந்து, சென்னையிலிருந்தும்தான், எத்தனை பேர் போனார்கள்!

இப்போது இந்த வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று. "இப்போதைக்கு இப்படி முடித்துவிடு, அப்புறம் பார்க்கலாம்" என்று மேலாளர் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. 'அப்புறம்' என்றால் எந்தத் தேதி, யார் கையில் என்று கேட்டு, மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்போது, அந்த மேலாளர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.